பேப்பரில் போட்டபடி

மருதவாசலுக்குப் பேப்பர் காலை பஸ்ஸில் வரும். குடவாசல் ஏஜெண்டு கட்டிக் கொடுத்த கட்டிலிருந்து கண்டக்டர் ஒரே ஒரு பிரதியை உருவி, வண்டி நிற்கும் முன்பே அல்லா பிச்சையின் டீக்கடையைப் பார்த்து வீசுவார். சில நாள் பெஞ்சில் விழும், சில நாள் பால் சட்டிக்குப் பக்கத்தில் விழும். எங்கே விழுந்தாலும் அதை எடுத்து உதறி, நீவி, முதல் பக்கத்தைத் திறக்கும் உரிமை வீரையனுக்குத்தான்.

வீரையன் தெற்குத் தெருக்காரன். கூலி வேலை. சின்ன வயதில் தரங்கம்பாடியில் அத்தை வீட்டில் இருந்தபோது அங்கே மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்திருந்தான். நடவுக்கும் அறுப்புக்கும் நடுவில் வேலை இல்லாத நாட்களில் அவனுக்கு இருந்த ஒரே பித்து அந்தப் பேப்பர். அல்லா பிச்சை கூத்தாநல்லூரிலிருந்து வந்து கடை போட்டவர். ஊருக்குள் இருந்த இன்னொரு கடையில் தெற்குத் தெருவுக்கென்று தனி கிளாஸ் ஆணியில் தொங்கும். பாய் கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாஸ். அதனால் அந்தத் தெருவே இங்கேதான் டீ குடித்தது. டீயோடு சேர்த்து உலகத்தையும் கேட்டது.

உள்ளூர்ச் செய்தி வீரையனுக்கு ருசிக்காது. எங்கே மந்திரி கொடியேற்றினார், எங்கே பாலம் திறந்தார்கள் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் தாண்டிவிட்டு வெளிநாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுவான். சந்திரனில் ஆள் இறங்கியதை அவன் வாசித்த நாளில் கடைக்கு வெளியே சைக்கிள்கள் நின்று போயின. ஆப்பிரிக்காவில் பயாஃப்ரா என்ற இடத்தில் பிள்ளைகள் பட்டினியால் வயிறு ஊதிக் கிடக்கிற படத்தைப் பிரித்துக் காட்டியபோது, மோர் விற்க வந்த கிழவி அங்கேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். அந்த ஊர் எந்தத் திசை என்று கேட்டால் வீரையனுக்கே தெரியாது. மேற்கே கையைக் காட்டிவிடுவான்.

அவனுடைய தங்கை அம்சத்தை அதே தெருவில் ரெத்தினத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ரெத்தினம் விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். அதிகம் பேச மாட்டான். அவன் தம்பி கோவிந்தராசுவோ நேர்மாறு. இன்னும் கல்யாணம் ஆகாதவன், அண்ணன் வீட்டிலேயே சாப்பாடு. வீரையன் எந்த நாட்டுப் பெயரைச் சொன்னாலும் அவன் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"அந்த ஊர்ல நெல்லு வெளையுமா மச்சான்?"

வியட்நாமில் விளையும் என்று தெரிந்த நாளிலிருந்து கோவிந்தராசுவுக்கு வியட்நாம் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. நாற்றங்கால், வரப்பு, குனிந்து நடும் பெண்கள், பின்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் என்று ஒரு படம் வந்தது. அதைக் கடைச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டியவன் அவன்தான்.

அதே வியட்நாம் விஷயமாகத்தான் ஒருநாள் ரெத்தினம் வாயைத் திறந்தான். ஒரு கிராமத்தில் எதிரிப் படையை ஒழித்துவிட்டதாக முன்பு வந்த செய்தி பொய், செத்தவர்கள் கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள் என்று அன்றைக்குப் பேப்பர் சொன்னது.

"அப்ப முதல்ல வந்ததையும் நீதானே படிச்சே? உண்மைன்னுதானே படிச்சே?" என்றான் ரெத்தினம்.

"அன்னிக்குத் தெரியல, இன்னிக்குத் தெரிஞ்சிருக்கு. லேட்டானாலும் வந்துடுச்சு பாத்தியா? அதான்யா பேப்பரு."

ரெத்தினம் டீயைக் குடித்துவிட்டு, "செத்தவனுக்கு லேட்டுதானே?" என்று எழுந்து போனான்.

புது ஆட்சி வந்து, அறுப்புக் கூலி இவ்வளவு என்று சட்டம் போட்டிருந்த சமயம் அது. சட்டம் போட்டதைப் பேப்பரில் வாசித்தவனும் வீரையன்தான். தெற்குத் தெரு அன்றைக்கு வெடி வைத்துக் கொண்டாடியது. ஆனால் அந்தத் தை மாதம் சம்பா கதிர் சாய்ந்து நின்றபோது மிராசுதார், "சட்டம் மெட்ராஸ்ல இருக்கு, வயல் இஞ்ச இருக்கு" என்று சொல்லிவிட்டார். சர்க்கார் கூலி கேட்டவர்களுக்கு வேலை இல்லை. வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். கூடவே கம்போடு நாலைந்து முரடர்களும் இறங்கினார்கள்.

பொங்கல் கழிந்து, மாட்டுக் கொம்பில் பூசிய வர்ணம்கூட உதிராத நாட்கள். ரெத்தினமும் சங்கத்து ஆட்களும் வாய்க்கால் மதகடியில் போய் நின்று, இறங்க வந்த வெளியூர் ஆட்களிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். "நீங்களும் எங்களாட்டம் கூலிக்காரவங்கதான். எங்க வயித்துல அடிக்காதீங்க." அவர்களில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். அதைப் பொறுக்காமல்தான் கம்புகள் வீசப்பட்டன. ரெத்தினத்தின் பின்மண்டையில் அடி விழுந்தது. கஞ்சி கொண்டுவந்த அம்சம் அதைக் கண்ணால் பார்த்தாள். கோவிந்தராசு அண்ணனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தான்.

வீரையன் அப்போது மதகடியில் இல்லை. பயாஃப்ராவில் சண்டை ஓய்ந்துவிட்டது என்று பாய் கடையில் வாசித்துக்கொண்டிருந்தான். மாட்டு வண்டியில் போட்டுக் குடவாசலுக்குக் கொண்டுபோகிற வழியில், பாலத்தைத் தாண்டும்போதே ரெத்தினத்தின் மூச்சு நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். கோவிந்தராசுவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, நடந்ததையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அம்சம் சொன்னதையும் கேட்டுக்கொண்டார். அடித்தவனின் பெயரைக்கூட அவள் சொன்னாள். "சரிம்மா, பாத்துக்கறேன்" என்று போய்விட்டார்.

அடக்கம் முடிந்தது. சங்கச் செயலாளர் அரசப்பன் மட்டும் நிம்மதியில்லாமல் அலைந்தார். கோவிந்தராசுவைத் தனியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "தம்பி, அந்த இன்ஸ்பெக்டர் கேட்டுக்கிட்ட மரியாதையைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. உன்மேலயே கேஸைத் திருப்பிடுவானுவ. நாகப்பட்டினத்துல நம்ம தோழர் வீடு இருக்கு. கொஞ்ச நாள் அங்க போய் இரு." கோவிந்தராசு அரை மனதாகத் துணியை மூட்டை கட்டி வைத்தான். மறுநாள் காலை பஸ்ஸில் போவதாகப் பேச்சு.

அந்தக் காலை பஸ்ஸில்தான் பேப்பர் வந்தது.

வீரையன் கடைக்குப் போய் நின்றிருந்தான். அன்றைக்கு அவன் வெளிநாட்டுப் பக்கத்தைத் தேடவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் ஊர்ப் பெயரைத் தேடினான். ஐந்தாம் பக்கத்தில், சோப்பு விளம்பரத்துக்குக் கீழே இருந்தது.

'கூலி நெல் பங்கில் சண்டை: அண்ணனை அடித்துக் கொன்ற தம்பி தலைமறைவு.'

அவன் மறுபடியும் படித்தான். அறுவடைக் கூலியாகக் கிடைத்த நெல்லைப் பங்கு பிரிப்பதில் சகோதரர்களுக்குள் தகராறு முற்றியதாம். தம்பி கோவிந்தராசு கம்பால் தாக்கியதில் அண்ணன் ரெத்தினம் இறந்தாராம். தப்பி ஓடிய கோவிந்தராசுவைப் போலீசார் தீவிரமாகத் தேடி வருகிறார்களாம். மிராசுதார் இல்லை, சட்டக் கூலி இல்லை, லாரி இல்லை. எழுத்தெல்லாம் வழக்கமான எழுத்துத்தான். வியட்நாமைச் சொன்ன அதே மை, அதே அச்சு.

"என்ன போட்ருக்கான் வீரையா?" என்றார் அல்லா பிச்சை.

அவன் பேப்பரை மடித்துக்கொண்டு தெருவுக்கு நடந்தான். பாய் காசு கேட்கவில்லை, பேப்பரையும் கேட்கவில்லை.

தெருவே அம்சம் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கோவிந்தராசு, மொட்டையடித்த தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பஸ் கடைசி ஊர் வரைக்கும் போய்த் திரும்பும்போது ஏறலாம், அதற்குள் பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டான். அம்சம் மடியில் குழந்தை நீலாம்பாள் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒங்க மச்சானப் பத்திப் போட்டிருக்காண்ணே?" என்று அம்சம் கேட்டாள். "படி. சத்தமாப் படி. எல்லாரும் கேக்கட்டும்."

வீரையன் பேப்பரை விரித்தான். எழுத்துகள் அவன் கண் முன்னால் நின்றன. தங்கை முகமும் நின்றது. அதில் இருப்பதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிப் படிப்பது? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"சர்க்கார் நிர்ணயித்த கூலியைக் கேட்ட விவசாயத் தொழிலாளி ரெத்தினம் என்பவர், மிராசுதாரின் அடியாட்களால் கொடூரமாகத் தாக்கப்பட்டு உயிர் நீத்தார்…" அவனுக்குப் பேப்பர் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. நிறுத்தாமல் வந்தது. "…இவருக்கு ஒரு மனைவியும் ஒரு குழந்தையும் உள்ளனர். குற்றவாளிகள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதிகாரிகள் உறுதி கூறியுள்ளனர்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அம்சம் சத்தமில்லாமல் அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவில் தலையை ஆட்டினாள், சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்பதுபோல. யாரோ ஒரு கிழவர், "பேப்பர்ல ஏறிடுச்சுல்ல? இனிமே எந்தக் கொம்பனும் மறைக்க முடியாது" என்றார்.

கோவிந்தராசு மூட்டையை எடுத்து வீட்டுக்குள் எறிந்தான். "உள்ளத உள்ளபடி போட்டுட்டானுவ. நான் எதுக்கு மச்சான் ஓடணும்? நான் என்ன திருடனா?"

உண்மை அந்தக் கணம் வீரையன் வாய் வரைக்கும் வந்தது. போ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் மனம் வேறு மாதிரி கணக்குப் போட்டது. தலைமறைவு என்று போட்டிருக்கிறான். பையனோ இங்கே நடுத்தெருவில் உட்கார்ந்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார். பிடிக்கிறதாக இருந்தால் அப்போதே பிடித்திருப்பாரே? ஆகவே தேடுவதாகப் போட்டிருப்பதும் பொய்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் புளுகு. இப்படி எழுதியவனைப் போய்ப் பார்த்து, நாளைப் பேப்பரில் மாற்றிப் போடச் சொல்லிவிட்டால் தான் படித்ததும் மெய்யாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

திரும்பி வந்த பஸ்ஸில் அவனே ஏறிக் குடவாசல் போனான்.

ஏஜெண்டு அமிர்தலிங்கம்தான் அந்த வட்டாரத்துக்கு நிருபரும். கடைவீதியில் உரக்கடை வைத்திருந்தார். வீரையன் மேல் அவருக்கு ஒரு பிரியம் உண்டு. விற்காத பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டி எடுத்துக் கொடுப்பார். அன்றைக்கு அவன் உள்ளே நுழைந்ததும் அவர் முகம் மாறியது.

"தெரியும்யா. நீ வருவேன்னு தெரியும்."

"ஏன் சார் இப்படி எழுதினீங்க? எங்க வீட்டுல எழவு உளுந்து கெடக்கு. தம்பி அண்ணன அடிச்சான்னு எழுத ஒங்களுக்கு எப்படி சார் மனசு வந்துச்சு?"

"சத்தியமா நான் எழுதினது அது இல்ல. கூலித் தகராறு, மிராசுதார் ஆளுங்க அடிச்சதுல ஒருத்தர் சாவுன்னுதான் எழுதி பஸ்ல குடுத்தனுப்பினேன். ஆபீஸ்ல போலீஸ் தரப்புல கேட்டிருக்காங்க. அவங்க சொன்னதப் போட்டுட்டாங்க. நான் எழுதினது குப்பைக்குப் போயிடுச்சு."

அவர் சொல்வதை நம்பலாமா என்று வீரையனுக்குத் தெரியவில்லை. அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தான். நேற்று வரைக்கும் நம்பியிருப்பான்.

"மாத்திப் போடச் சொல்லுங்க சார். மதகடியில நின்னவங்க அத்தன பேரையும் கூட்டியாறேன். என் தங்கச்சி கண்ணால பாத்துது. கோவிந்தராசு ஓடலை சார், வீட்டுலதான் இருக்கான்…"

அமிர்தலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "யாரு? கோவிந்தராசா? வீட்டுலயா இருக்கான்?"

"ஆமா சார்."

"அடப்பாவி! அதப் படிச்சுமா அவன வீட்டுல வச்சுட்டு வந்தே?"

"அதான் பூராவும் பொய்யாச்சே சார்."

"மத்ததெல்லாம் பொய்யா இருக்கட்டும்யா. தேடுறாங்கங்கிறது நெசம்! காலையிலேயே வேன் கெளம்பிடுச்சு." கடை வாசலில் நின்ற சைக்கிளை அவரே உருட்டிக் கொடுத்தார். "போ, போ, நிக்காத."

வீரையன் மிதித்தான். ரோட்டின் இருபுறமும் அறுக்காத சம்பா காற்றில் சலசலத்தது. பாதி வழியில், ஆற்றுப் பாலத்து மேட்டில், எதிரே போலீஸ் வேன் வந்தது. அவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ரோட்டு நடுவில் நின்று கையை ஆட்டினான். வேன் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. வலைக் கம்பிக்குப் பின்னால் கோவிந்தராசுவின் மொட்டைத் தலை தெரிந்தது. அவன் வீரையனைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. காப்பாற்ற ஆள் வந்துவிட்டதுபோல.

"மச்சான்! இவங்ககிட்ட சொல்லு மச்சான்! நான் சொன்னா அடிக்கிறாங்க. பேப்பர்ல போட்டிருக்குன்னு சொல்லு! நீ படிச்சியே, அதச் சொல்லு!"

வேன் போன புழுதி அடங்குகிற வரைக்கும் வீரையன் அங்கேயே நின்றான்.

தோழரிடம் சொல்லிவைக்க முன்னாடியே நாகப்பட்டினம் போயிருந்த அரசப்பன் அன்று சாயங்காலமே திரும்பி வந்து சேர்ந்தார். கையில் அதே பேப்பர். நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. ஆத்திரம் தாங்காமல் தெரு நடுவில் நின்று, "பாருங்கய்யா இந்த அநியாயத்த!" என்று தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் வீரையனைப் பார்த்தார்கள்.

அம்சம் வாசற்படியில் நின்றிருந்தாள்.

"அண்ணே, இதானா காலையிலயும் அதுல இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"ஒத்த எழுத்து மாறாம இதானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்சம் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்த வீட்டுக் கதவு பகலில் சாத்தியதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

வழக்கு நடந்தது. வயலில் இறங்கிய வெளியூர் ஆட்களில் சிலர், சகோதரர்கள் சண்டை போட்டதைக் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னார்கள். அவர்களுடைய பயம் அவர்களுக்கு. அம்சம் கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அப்போது எதிரே நின்ற வக்கீல் கேட்டார்: புருஷனைக் கொன்றவனைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடுகிறாயே, கொழுந்தன் மேல் உனக்கு என்ன அப்படி அக்கறை? மறுநாள் பேப்பரில் கேள்வியைக் கொட்டை எழுத்தில் போட்டார்கள். அவள் சொன்ன பதிலைப் போடவில்லை.

அந்தச் செய்தியை மருதவாசலில் யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. படிக்காமலே ஊருக்குள் பரவிவிட்டது. மேலத்தெருப் பெண்கள் ஆற்றுப் படித்துறையில் அவளைக் கண்டு குசுகுசுத்தார்கள். தெற்குத் தெருவிலேயே ஒன்றிரண்டு பேர், அப்படியும் இருக்குமோ என்று பேச ஆரம்பித்தார்கள். கோவிந்தராசுவுக்குப் பத்து வருஷம் போட்டார்கள். அம்சம் ஒருதடவைகூட அவனைப் பார்க்கத் திருச்சி ஜெயிலுக்குப் போகவில்லை. போனால் அதுவே அத்தாட்சி என்று சொல்ல ஊர் காத்திருந்தது.

வீரையன் போனான். ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் கோவிந்தராசு இளைத்துக் கறுத்து நின்றான். முதலில் நெல் எப்படி, தண்ணி எப்போது திறந்தார்கள் என்று கேட்டான். பேச்சு ஓய்ந்த இடத்தில் வீரையன் சொன்னான்: "அன்னிக்கு நான் படிச்சது…"

"தெரியும். கோர்ட்டுல காட்டுனாங்க."

"அம்சத்து மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால அதப் படிக்க முடியலடா."

கோவிந்தராசு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோபம் எதுவும் அவன் முகத்தில் இல்லை. அதுதான் வீரையனுக்குத் தாங்கவில்லை.

"நீ உள்ளதப் படிச்சிருந்தா நான் ஓடியிருப்பேன் மச்சான்" என்றான். பிறகு, குரலைத் தாழ்த்தி, "இஞ்ச என் பேரே அண்ணனக் கொன்னவன்தான். சோறு போடுறவன்கூட அப்படித்தான் கூப்புடறான். அண்ணிக்கு… அண்ணி மனசுல அப்படி எதுவும் இல்லியே?"

"அது கண்ணால பாத்துதுடா."

"தெரியும். இருந்தாலும் வருஷம் போகப்போக எல்லாரும் சொல்றதக் கேட்டா… எனக்கே சில நாளு சந்தேகமா வருது மச்சான். அன்னிக்கு என் கையில கம்பு இருந்துச்சோன்னு."

வீரையன் பேப்பரை விட்டுவிடவில்லை. விட முடியவில்லை. கொஞ்ச நாள் பாய் கடைப் பக்கமே போகாமல் இருந்து பார்த்தான். பிறகு கால் தானாகப் போனது. ஆனால் முன்போல வாசிப்பதில்லை. கிழக்கு வங்காளத்தில் சண்டை மூண்டு கடையில் கூட்டம் சேர்ந்தபோது, ஒவ்வொரு செய்தி முடிவிலும் நிறுத்தி, "இப்படிப் போட்டிருக்கான். நடந்தது எனக்குத் தெரியாது" என்று சொன்னான். கேட்பவர்களுக்கு அலுப்புத் தட்டியது. கூட்டம் பாய் வாங்கிவைத்த ரேடியோப் பக்கம் நகர்ந்தது. அதில் ஒரு நல்ல குரல் தயங்காமல் சொன்னது.

அவன் தனியே உட்கார்ந்து படித்தான். எங்கோ ஒரு பட்டணத்தில் இரு கோஷ்டி மோதல், இத்தனை பேர் சாவு என்று இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். அந்த ஊரில் எந்த மதகடியோ, யார் கஞ்சி கொண்டு போனாளோ. அந்தத் தெருவிலும் ஒருத்தன் இந்தச் சேதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பானே, அவன் என்ன படித்தான்? வியட்நாமைப் பற்றி, பயாஃப்ராவைப் பற்றித் தான் வருஷக்கணக்காக உரக்கப் படித்ததில் எந்த வரி சோப்பு விளம்பரத்துக்குக் கீழே இருந்த வரி மாதிரி? பிரித்துச் சொல்ல அவனுக்கு வழி இல்லை. நம்பியும் கெட்டாயிற்று, நம்பாமலும் கெட்டாயிற்று.

நெருக்கடி நிலை வந்த புதிதில் பேப்பர் ஒருநாள் நடுவில் வெள்ளையாக ஒரு கட்டத்தோடு வந்தது. அல்லா பிச்சை கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "என்னய்யா இது, இந்த எடத்துல ஒண்ணுமே இல்ல?" என்றார்.

"இந்த எடத்துல பொய் இல்ல பாய்" என்றான் வீரையன். பாய் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

அதே வருஷம் புரட்டாசி வாக்கில், ஒரு தலைவர் பிறந்த நாளை ஒட்டிக் கைதிகள் சிலரை முன்கூட்டியே விட்டார்கள். அரசப்பன் வந்து சொன்னார், கோவிந்தராசு பெயரும் இருக்கிறது என்று.

அன்று மாலை அம்சம் வீரையன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அத்தனை வருஷத்தில் அவளாக வந்தது அதுதான் முதல்தடவை. தலையில் நரை விழுந்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீலாம்பாள் நின்றது. பள்ளிக்கூடம் போகிற வயது அதற்கு.

"அண்ணே, நாளைக்குக் கோவிந்தராசு வருது. என் வீட்டுல சாப்புடுது. தெருவுல ஒரு வீடு விடாம போய்ச் சொல்லிட்டு வா."

"என்னன்னு சொல்லணும்மா?"

"இப்ப நான் சொன்னனே, அதான். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

அவன் வீடு வீடாகப் போய் அந்த இரண்டு வாக்கியத்தையும் அப்படியே சொன்னான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் கோவிந்தராசு வந்தான். முதுகு லேசாகக் கூன் விழுந்து, இருமிக்கொண்டே நடந்து வந்தான். வீட்டு வாசலைத் தாண்டத் தயங்கி நின்றவனை அம்சம் உள்ளே கூப்பிடவில்லை. தெரு நடுவில், வேப்ப மர நிழலில், எல்லாரும் பார்க்கப் பாயை விரித்து இலை போட்டாள். புதுக் குறுவை அரிசிச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, கருவாடு. அவன் உட்கார்ந்தான். அவள் குனிந்து பரிமாறினாள். நீலாம்பாளை முன்னால் இழுத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "இது ஒன் சித்தப்பா. ஒங்க அப்பாவத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடியாந்தது இதுதான். நான் பாத்தேன். பள்ளிக்கூடத்துல எவன் என்ன சொன்னாலும் ஒங்க அம்மா பாத்துதுன்னு சொல்லு. தண்ணி ஊத்து."

பெண் செம்பைச் சாய்த்தது. கோவிந்தராசு சோற்றைப் பிசைந்தான். வாய்க்குக் கொண்டுபோனான். இலையில் கண்ணீர் சொட்டியது. ஒருவர் பின் ஒருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வராமல் கதவுக்குப் பின்னால் நின்றவர்களும் இருந்தார்கள்.

அவன் ஊரில் தங்கவில்லை. தங்க முடியாது என்று அவனுக்கும் தெரியும், அம்சத்துக்கும் தெரியும். கூத்தாநல்லூரில் தன் சொந்தக்காரர் அரிசி ஆலையில் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார் அல்லா பிச்சை. சாயங்கால பஸ்ஸுக்கு வீரையன் கூடப் போய் நின்றான். இருவரும் டீ குடித்தார்கள். பெஞ்சில் அன்றைய பேப்பர் கிடந்தது. கோவிந்தராசு அதைப் பார்த்தான். என்ன போட்டிருக்கிறது என்று கேட்கவில்லை. பஸ் வந்ததும், "வரேன் மச்சான்" என்று ஏறிக்கொண்டான்.

வீரையன் திரும்பி வந்தபோது அம்சம் இலை எடுத்த இடத்தைச் சாணம் தெளித்து மெழுகிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"பஸ்ஸு கூட்டமாண்ணே? உக்கார எடம் கெடச்சுதா அதுக்கு?"

கிடைத்தது என்று சொல்ல அவனுக்கு வாய் வந்தது. ஜன்னலோரமாகக் கிடைத்தது என்றுகூடச் சொல்லத் தோன்றியது. அவள் அண்ணாந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடைக்கலம்மா. இருமிக்கிட்டே, படியில தொங்கிக்கிட்டுத்தான் போனான்."

அம்சம் தலையை ஆட்டினாள். சாணிக் கையோடு முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாகக் கதவுக்குப் பின்னால் அழுததையெல்லாம் சேர்த்து, தெரு நடுவில் உட்கார்ந்து அழுதாள். வீரையன் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான்.